வாளி மணலும் வலக்கையும்

1938 ஜூலை 4, திங்கள்
விடிந்ததிலிருந்து மலைக்காற்று, புழுதி. ஸ்ரீவில்லிபுத்தூர் போய் மாவுக்கட்டைப் பிரித்தாயிற்று. எலும்பு முறிந்து ஆறு வாரம். வலது முன்கைச் சுற்றளவு ஏழே முக்கால் அங்குலம். இடது எட்டரை. அங்குள்ள சர்ஜன்: ஐம்பதை நெருங்கும் வயதில் பழைய பிடி திரும்பாது, ராஜபாளையம் ஆஸ்பத்திரியை இளையவர் யாரிடமாவது விடலாமே. எனக்கும் அதே சந்தேகம்தான்.

மாலை முத்தம்மா வந்தாள். சோழபுரம். இடுப்பு குறுகல். தலைப்பிள்ளை வயிற்றிலேயே போனது. இந்தப் பிரசவம் ஆடிக் கடைசியில். இடுக்கி ஆயுதம் போட்டுத்தான் எடுக்க வேண்டியிருக்கும். அதைப் பிடிக்க இந்தக் கை வேண்டும். மதுரைக்குப் போகச் சொன்னேன்.
"மதுரைல யாரம்மா எனக்குத் தெரியும்? நீங்க பாத்தாப் போதும்."

ஜூலை 5
வாளியில் மணல், 3 ராத்தல். முன்கை மேசைமேல், மணிக்கட்டால் தூக்க வேண்டும். பத்துத் தடவை, இரு வேளை. ஒருநாள் விட்டு ஒருநாள் அரை ராத்தல் கூடுதல். சும்மா கிடந்த தசை இளைக்கும், தெரியும். பாரம் ஏற்றினால் தேறுமா? மில்லில் பொதி தூக்குகிறவர்களுக்குத் தேறியிருக்கிறது. அவர்கள் இளவட்டங்கள்.

ஜூலை 9
4 ராத்தல். பத்தும் ஆயிற்று. வலி. சீயக்காய் தீர்ந்துவிட்டது.

ஜூலை 12
நாலரை. ஆறு தடவைக்குமேல் ஏறவில்லை. சர்ஜன் சொன்னதே சரி. முத்தம்மாவுக்காக மதுரைக்குக் கடிதம் எழுதிவைத்தேன்.

ஜூலை 13
பிள்ளைகளை நிறுக்கும் தராசில் வாளியை வைத்துப் பார்த்தேன். வாளி எடை போக மணல் ஏறக்குறைய 6 ராத்தல். ஈரம். நேற்று நாலரை என்று தூக்கியது இதைத்தான். ஆயா ஞானம்மாவைக் கேட்டேன்.
"காத்துல மணலு பறந்து சோத்துலகூட நெறநெறங்குதும்மா. அதான் தெனம் ரெண்டு கை தண்ணி தெளிச்சேன்."
கம்பவுண்டர்: "டாக்டரம்மா வாளியில பயிரு வச்சிருக்காகன்னு நெனச்சிருப்பா."
முதல்நாளுக்குப் பிறகு கூட்டின மணலைத்தான் நிறுத்தேன், வாளியை நிறுக்கவேயில்லை. என் தப்பு. நாடா எடுத்தேன். வலது முன்கை எட்டு அங்குலம். வீக்கமாகவும் இருக்கலாம். மூன்று தடவை அளந்தேன், எட்டுத்தான். கடிதத்தைக் கிழித்துவிட்டேன்.

ஆகஸ்ட் 11
முத்தம்மாவுக்கு விடியலில் வலி. பத்து மணிக்கு மேல் தலை இறங்கவில்லை. ஆயுதம். மூன்று இழுப்பு. கை நழுவவில்லை. பதினொன்றே காலுக்குப் பிள்ளை. கொஞ்சம் பொறுத்துத்தான் அழுதது. இப்போது எழுத்து கோணல்.
மாமியார் எட்டிப் பார்த்து, "பொட்டப்பிள்ளையா" என்றாள்.
முத்தம்மா கண்ணைத் திறக்காமலே சொன்னாள்: "அழுவுதுல்லா அத்தை. கேளுங்க."