காப்புறுதியில் வேறு பெயர்

அன்புள்ள கமலாம்பிகைக்கு,

முழங்கால் நோவு குறைந்ததா? "அங்கை கார் ஓடப் பயமில்லையோ?" என்று முன்பு கேட்டீர். இப்போது பயமாகத்தான் இருக்கிறது. நேற்று இங்கே லண்டனில், கிங்ஸ்பரிப் பக்கம் காரைப் பின்னுக்கு எடுக்கும்போது இன்னொரு காரின் விளக்கை உடைத்துவிட்டேன். யாருக்கும் காயமில்லை. ஆனால் குடும்பப் பெயர் கேட்ட இடத்தில், லைசென்சில் அப்பாவின் பெயரையும் காப்புறுதியில் என் பெயரையும் எழுதியிருக்கிறேன்.

"ரெண்டு பேரிலை திரியிறியள் எண்டு குரோய்டன் குடிவரவுக் கந்தோருக்குத் தெரிஞ்சால் அகதிக் கேஸ் துலைஞ்சுது, மாஸ்டர்! லைட்டை வாங்கிப் பூட்டிக் குடுத்திட்டுப் பேசாமல் இருங்கோ," என்கிறார் அறைத்தோழர் கணேசலிங்கம். விளக்கு உடைந்த கார்க்காரர் அதற்குச் சம்மதிக்கவில்லை. ஊரில் படிப்பித்த காலத்தில், பள்ளிப் பதிவேட்டில் ஒரே பிள்ளைக்கு இரண்டு பெயர் இருந்தால் நானும் சந்தேகப்பட்டிருப்பேனே. நாளை காப்புறுதிக்காரரிடம் உண்மையைச் சொல்லப் போகிறேன்.

இரண்டு பெயரும் ஒரே ஆளுடையவை என்று காட்ட என் பிறப்புச் சான்றிதழை அனுப்பும். கூடவே உம்முடைய கையெழுத்தில் நாலு வரி.

தபாலுக்கு நேரமாகிறது. நீர் பாஸ்போட்டுக்கு விண்ணப்பிக்க முன், சான்றிதழில் உள்ளபடி உம்முடைய பெயரை வெறுந்தாளில் ஒருதரம் எழுதிப் பாரும்.

அன்புடன்,
நா. அம்பலவாணன்