ஆட்டுச் சுரப்பியும் பூமிகாவின் பரீட்சையும்

என் மகன் அன்புராஜுக்கு அம்மா எழுதுவது. அம்மன் புண்ணியத்தில் நானும் உன் பெண்டாட்டி சந்திரகலாவும் பிள்ளையும் இங்கே சுகமாக இருக்கிறோம், தோஹா வெயிலில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று நம்புகிறேன். போனில் நான் ஒன்று சொல்வதற்குள் நீ அடுத்ததுக்குத் தாவிவிடுகிறாய், அதனால் எழுதுகிறேன், சந்திரகலா இதைப் படம் பிடித்து அனுப்புவாள், நிதானமாகப் படி. உன் மகள் பூமிகா ஜெயித்துவிட்டாள்.

அந்தச் சுரப்பி விஷயம்தான். ஆட்டுக்குக் கிட்னிப் பக்கத்தில் கொழுப்புக்குள்ளே மொச்சைக்கொட்டை போல ஒன்று இருக்கிறது, நமக்கும் இருக்கிறதாம், திடீரென்று பயந்தால் நெஞ்சு படபடக்கிறதே, அப்படிப் படபடக்க வைக்கிற நீர் அதில்தான் ஊறுகிறதாம். அதற்குள் ரத்தம் எப்படி வந்து எப்படிப் போகிறது என்று காட்டுவதுதான் கால்நடைக் கல்லூரியில் மேல்படிப்புக்கு இவள் எடுத்த வேலை. ரத்தக் குழாயில் ஊசி வைத்துச் சிவப்பும் நீலமுமாகச் சாயம் ஏற்றி, அது கெட்டியானதும் சதையை மருந்தில் கரைத்தால் குழாய் மட்டும் நிற்க வேண்டும். ஆனால் ஏற்றிய சாயமெல்லாம் வழியில் ஒழுகிக்கொண்டே இருந்தது. ஒன்றாவது ஒழுங்காக நிற்காவிட்டால் இந்த வருஷம் போச்சு என்று வாத்தியார் சொல்லிவிட்டார். நீயும் உன் பங்குக்கு, வேற எதுனா சுலபமா எடுத்துக்கினு பாஸ் பண்ணு கண்ணு, ஆட்டோட இன்னா ரோதனை என்றாய். பிள்ளை அன்றைக்கு முழுக்கச் சோறு தொடவில்லை. அதுவரை ஆள் விட்டுச் சுரப்பி வாங்கியவள், அடுத்த ஞாயிறு விடியலில் புதுவாயல் கறிக்கடைக்கு அவளே போய் நின்றாள், நானும் கூடப் போனேன். அங்கேதான் கோளாறு தெரிந்தது. நம்ம கறிக்கடைப் பரசுராமன், வாடிக்கை வீட்டுக்குக் கொழுப்போடு கொடுத்தால் கடைக்கு இழுக்கு என்பானே, டாக்டருக்குப் படிக்கிற பிள்ளையாச்சே என்று இவளுக்கென்றே கொழுப்பை உரித்து, தொங்கிய நரம்பையெல்லாம் சீவிக் கழுவி இலையில் மடித்துக் கொடுத்திருக்கிறான். கசாப்புக் கத்திக்கு இப்படித்தான் வரும் என்று இவளும் நினைத்திருக்கிறாள். இவளுக்கு வேண்டிய மயிரிழைக் குழாயெல்லாம் அந்தக் கொழுப்புக்குள்தான் ஓடுகிறது, அது அறுந்த இடத்தில்தான் சாயம் ஒழுகியிருக்கிறது. அண்ணா, நீ க்ளீன் பண்ணது போதும், முதுகெலும்புப் பக்கத்துப் பெரிய குழாயோட மொத்தமா அறுத்துக் குடு என்றாள். அவன் முகம் சுருங்கிப்போய், அசிங்கமா கீதும்மா, நாலு பேரு பார்த்தா பரசுராமன் கடை லட்சணம் இதுவான்னு சிரிப்பாங்க என்றான். சிரிக்கிறவங்களை என்னாண்ட அனுப்பு, நீ அறுடா என்றேன்.

அந்தச் சுரப்பியில் சாயம் ஒரு சொட்டு ஒழுகவில்லை. சதை கரைந்ததும் பார்த்தேன், சுற்றிலும் எத்தனையோ சிவப்பு இழை உள்ளே நுழைகிறது, நடுவில் ஒரே ஒரு நீலக் குழாய் வெளியே வருகிறது, பவழத்தில் செய்த மாதிரி இருந்தது. போன வெள்ளிக்கிழமை பரீட்சை. பரீட்சை வைக்க வெளியூரிலிருந்து வந்த டீச்சரம்மா, உள்ளே வர இத்தனை வழி இருக்க, வெளியே போக ஒன்றுதானா என்று மடக்கினார்களாம். இவள் அசரவில்லை. சுரப்பியின் மேல் ஓட்டில் ஊறுவதையும் நடுவில் ஊறுவதையும் வாரிக்கொண்டு ரத்தம் அந்த ஒரே குழாயில்தான் சேருகிறது, அங்கிருந்து பெரிய குழாய்க்கும் நெஞ்சுக்கும் நொடியில் போய்விடும் என்று தொட்டுத் தொட்டுக் காட்டியிருக்கிறாள். அந்த அம்மா எழுந்து நின்று கை கொடுத்தார்களாம். இப்போது அது கல்லூரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் இவள் பேரோடு இருக்கிறது. பரசுராமன் அதன் போட்டோவைக் கல்லாவுக்கு மேல் ஒட்டி, வர்றவன் போறவனிடமெல்லாம் நம்ம கடை ஆடு என்கிறான், கறி வாங்க வந்தவர்கள் நின்றுகொண்டே இருக்கிறார்கள்.

இன்னொன்று. டாக்டர் பட்டத்துக்கே சேரச் சொல்லி வாத்தியார் போன் செய்தார். நீ கடம்பத்தூர் வரனைப் பேசுவாய் என்று பயந்து பிள்ளை வாயைத் திறக்கவில்லை. நானே போனை வாங்கி, சேர்த்துக்கோங்க சார், அவ அப்பனுக்கு நான் சொல்லிக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். இதோ சொல்லியாயிற்று.

மாத்திரையை மறக்காதே. கையும் காலும் சுகமாக, நிறைந்த மனசோடு இரு.

உன் அம்மா,
கங்கம்மா
புதுவாயல்