மூன்று வார அவசரம்

டெக்சாஸ்,
28 ஆகஸ்ட் 1977

என் கண்ணே ஹசிந்தா,

நீ மெக்சிகோ போய்ச் சேர்ந்த செய்தி நேற்றுதான் கிடைத்தது. பேருந்தில் வாந்தி எடுத்தாயாமே. வெறும் வயிற்றோடு ஏறாதே என்று எத்தனை முறை சொன்னேன்! அத்தை பெர்னார்தா சிடுசிடுப்பாள். உன் அப்பாவின் அக்கா அல்லவா, வேறு எப்படி இருப்பாள்? ஆனால் உன்னைப் பட்டினி போட மாட்டாள்.

ஏன் அனுப்புகிறாய் என்று கேட்டுக்கொண்டே போனாய். போன வருடம் உன்னைச் சேர்த்துக்கொண்ட அதே பள்ளியில், "குடியுரிமைப் பேப்பர் இல்லாத பிள்ளைக்கு வருஷத்துக்கு ஆயிரம் டாலர் கட்டணும். சட்டம் மாறிப்போச்சும்மா" என்றார்கள். அப்பாவின் மூன்று மாதச் சம்பளம் அது. எட்டு வயதுப் பெண்ணை வீட்டில் பூட்டிவைத்து வளர்க்க எனக்கு மனமில்லை. உன்னைப் போன்ற பிள்ளைகளுக்கும் பள்ளி திறந்தால் மறுநாளே அழைத்துக்கொள்வேன்.

உன் நெற்றியில் சிலுவையிடும்
அம்மா ஒதிலியா

மாதேவாலா,
மெக்சிகோ,
13 நவம்பர் 1977

அன்புள்ள அம்மா,

நான் நன்றாக இருக்கிறேன். தம்பி ரெனே நடக்கிறானா? இங்கே என்னை ஒரு வகுப்பு கீழே போட்டார்கள். பையன்கள், "ஏய் டெக்சாஸ்காரி, உன்னை அங்கேருந்து தொரத்திட்டாங்களாமே?" என்று கத்துகிறார்கள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அத்தை மத்தியானம் தூங்கும்போது வீட்டில் சத்தமே இருக்காது. அப்போது உன் குரலில் நானே பேசிப் பார்ப்பேன்.

அந்தப் பள்ளி திறந்துவிட்டதா? பள்ளி அலுவலகத்தில் இருக்கும் அக்காவிடம் இன்னொரு தடவை கேள். என் துணியெல்லாம் பையில்தான் இருக்கிறது. அலமாரியில் வைக்கவில்லை.

உன் ஹசிந்தா

டெக்சாஸ்,
19 பிப்ரவரி 1978

என் செல்லமே,

பதில் தாமதமாகிவிட்டது, கோபிக்காதே. ரோஜாத் தோட்டத்தில் புதுக் குச்சிகள் நடுகிறோம். குனிந்த முதுகு நிமிரமாட்டேன் என்கிறது. ரெனே ஓடுகிறான், விழுகிறான், என்னையே முறைக்கிறான்.

பள்ளியைப் பற்றிக் கேட்டிருந்தாய். நீ அங்கேயே நன்றாகப் படி. துணிகளை அலமாரியில் எடுத்து வை, கசங்கிப் போகும்.

அம்மா

மாதேவாலா,
11 அக்டோபர் 1981

அன்புள்ள அம்மா,

ஒரு நல்ல செய்தி. திங்கட்கிழமைக் கொடி வணக்கத்துக்கு ஆறு பெண்களைத் தேர்ந்தெடுத்தார்கள். கொடியைப் பிடிப்பது நான்தான்! நல்ல மதிப்பெண் எடுத்தவளுக்குத்தான் அது. வெள்ளைக் கையுறை போட வேண்டும். அத்தை தன் திருமணக் கையுறையைச் சுருக்கித் தைத்துக் கொடுத்தாள். "கிழிச்சே, கைய ஒடிச்சிருவேன்" என்று முத்தமும் கொடுத்தாள்.

எல்லாப் பிள்ளைகளின் அம்மாக்களும் வேலியோரம் நின்று பார்ப்பார்கள். நீ வந்தால் பேப்பர் இல்லாமல் திரும்பிப் போக முடியாது என்று தெரியும். சும்மா எழுதினேன்.

ரெனே பள்ளிக்குப் போகிறான் என்று அப்பா எழுதியிருந்தார். அங்கே பிறந்தவன், அவனை யார் தடுப்பார்கள்? அவன்மேல் எனக்குக் கோபமில்லை. கொஞ்சம் இருக்கிறது.

ஹசிந்தா

டெக்சாஸ்,
20 ஜூன் 1982

என் ராசாத்தி,

நாட்டின் பெரிய நீதிமன்றமே சொல்லிவிட்டது! பேப்பர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் எந்தப் பிள்ளையையும் பள்ளியிலிருந்து நிறுத்தக் கூடாதாம். வானொலியில் கேட்டுவிட்டு அடுப்பில் இருந்த பயறைத் தீயவிட்டேன். அப்பாகூடத் திட்டவில்லை.

நீ வந்துவிடு. எல்லையிலுள்ள ஆற்றைத் தாண்டிக் கூட்டிவர நம்பிக்கையான ஆள் ஒருவரைப் பார்த்துவைத்திருக்கிறேன். உனக்குக் கட்டில் வாங்கியாயிற்று.

அம்மா

மாதேவாலா,
18 ஜூலை 1982

அம்மா,

டெக்சாஸில் நம் தெருவில் இருந்த லிதியாவின் குடும்பம் இங்கே திரும்பி வந்துவிட்டது. அவளுக்கும் பேப்பர் கிடையாது. ஆனால் ஐந்து வருடமும் அதே பள்ளியில்தான் படித்தாளாம். "நீ போன மூணாவது வாரமே தொறந்துட்டாங்களே, உங்கம்மா சொல்லலியாடி?" என்றாள்.

அவள் பொய் சொல்கிறாளா, அம்மா?

ஹசிந்தா

டெக்சாஸ்,
8 ஆகஸ்ட் 1982

மகளே,

லிதியா சொன்னது நிஜம்.

உன்னை அனுப்புவதற்கு முன் ஒரு வக்கீல் தெருவில் வீடு வீடாக வந்தார். பிள்ளைகளுக்காக வழக்குப் போட வேண்டும், பெற்றோர் நீதிமன்றத்துக்கு வர வேண்டும் என்றார். நம் வாசலில் நின்று, "பள்ளிக்கூடம் போற வயசுல பிள்ளை இருக்காம்மா?" என்று கேட்டார். நீ பின்னால் துணி அலசிக்கொண்டிருந்தாய். இல்லை என்றேன். போனால் அங்கேயே பிடித்து நாடு கடத்திவிடுவார்கள் என்று பயந்தேன்.

நான்கு குடும்பங்கள் போயின. பிடித்து நாடு கடத்தினால் கையோடு இருக்கட்டும் என்று பாத்திரம் பண்டமெல்லாம் காரில் ஏற்றிக்கொண்டுதான் போனார்கள். யாரையும் பிடிக்கவில்லை. நீதிபதி எல்லாப் பிள்ளைகளுக்கும் பள்ளியைத் திறக்கச் சொல்லிவிட்டார்; அந்த வழக்குதான் இப்போது பெரிய நீதிமன்றத்தில் முடிந்தது.

உடனே உன்னை அழைத்திருக்கலாம். சின்னப் பெண்ணை யாரை நம்பி ஆற்றில் இறக்குவது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மைதான். ஏனம்மா மூன்று வாரம் பொறுக்கவில்லை என்று நீ கேட்பாய். அதைக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. தினமும் காலையில் அந்தப் பிள்ளைகள் பேருந்தில் ஏறும்போது நான் தலையைக் குனிந்துகொண்டுதான் வேலைக்குப் போவேன்.

திட்டு. ஆனால் வந்து திட்டு.

அம்மா

மாதேவாலா,
5 செப்டம்பர் 1982

அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் பலமுறை படித்தேன். நீதிமன்றத்துக்குப் போகாததற்கு எனக்குக் கோபமில்லை. நானாக இருந்தாலும் பயந்திருப்பேன்.

ஆனால் இந்த ஐந்து வருடமும், அந்தப் பள்ளிக்கூடம்தான் என்னை வேண்டாம் என்றது என்று நினைத்திருந்தேன். அதைத் தாங்கிக்கொள்ள முடிந்தது.

இங்கே உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்துவிட்டேன். வரவில்லை. அந்த ஆளை அனுப்ப வேண்டாம். கட்டிலை ரெனேவுக்குக் கொடுங்கள்.

கடிதம் போடுங்கள். எனக்கு எழுத வரும்போது நானும் எழுதுகிறேன்.

உங்கள் மகள்
ஹசிந்தா