ஒரு ரைடுக்கு எவ்வளவு காற்று

பிப்ரவரி 2, திங்கள்

இன்று என் நுரையீரலை அளந்தார்கள். அளந்து பார்த்தால் கேவலம்!

உடலியங்கியல் லேப்பில் ஒரு பழைய இயந்திரம். தண்ணீர்த் தொட்டிக்குள் ஒரு டப்பாவைக் கவிழ்த்து வைத்திருக்கும். மூச்சை முட்ட இழுத்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு, குழாயில் ஊதணும், இனி ஒண்ணும் வராது என்கிற வரைக்கும். டப்பா மேலே ஏறும். எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவு நம்ம காற்று. ஷஃபீகா ஊதினாள். மூன்று லிட்டருக்கு மேலே போய்விட்டது. பிசியோதெரபி முதல் வருஷத்தில் எனக்குப் பக்கத்து சீட், மேலப்பாளையத்துக்காரி, ரெண்டு மாடி ஏறினாலே "அல்லா"ன்னு உட்காருகிறவள்! அடுத்து காலேஜ் கபடி டீமின் ரைடர், ராதாபுரம் ரீபா, அதாவது நான், ஊதினேன். இரண்டரை.

"ஏட்டி, கபடிக்காரி நீயா நானா?" என்று ஷஃபீகா கேட்டாளே ஒரு கேள்வி. லேப்பே சிரித்தது.

சாயங்காலம் கிரவுண்டில் அதைவிடப் பெரிய அடி. கோச் டைட்டஸ் சார் கூப்பிட்டார். "எம்மா ரீபா, நல்லாத்தான் ஓடுத. ஆனா ஆளைத் தொடுததுக்கு முன்னாலயே திரும்பி ஓடியாந்துருத. உனக்கு மூச்சு பத்தலை. இருவத்தொண்ணாந்தேதி மேட்சுல ஆன்லின் ரைடு போகட்டும். நீ கார்னர்ல நின்னு பிடி."

கார்னரா! பிடிக்கிறவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனா ஒத்தையாளா எதிராளி கோர்ட்டுக்குள்ள போயி, ஒரே மூச்சுல கபடி கபடின்னு பாடிக்கிட்டே ஏழு பேரை ஆட்டி வைக்கதுக்குத்தான் நான் இந்த விளையாட்டுக்கே வந்தேன். அது இல்லன்னா எனக்கு என்னத்துக்குக் கபடி? இருபத்தொண்ணுக்குள்ள திரும்ப ரைடர் ஆகணும். ஆகியே தீரணும்.

பிப்ரவரி 3

இரண்டரை லிட்டர். சோறு இறங்கவில்லை. (பொய். ரெண்டு புரோட்டா இறங்கிற்று. ருசிக்கலை, அவ்வளவுதான்.)

பிப்ரவரி 5, வியாழன்

யம்மா! இன்று நிஜ நுரையீரலைப் பார்த்தேன். கையில் வாங்கினேன்!

உடற்கூறு ஹாலில் அந்த மருந்து நெடி கண்ணை எரித்தது. யாரோ ஒரு மனிதர் தன் உடம்பை நாங்கள் படிப்பதற்காகக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். மனசுக்குள் ஒரு ஸ்தோத்திரம் சொல்லிவிட்டுத்தான் தொட்டேன். வலது நுரையீரலுக்கு மூன்று மடல், இடதுக்கு இரண்டுதான். இதயத்துக்கு இடம் விட்டு இடது பக்கம் கொஞ்சம் ஒடுங்கி, குழிந்து கிடக்கிறது. மூச்சுக்குழலில் விரலை ஓட்டினால் வளையம் வளையமாகத் தட்டுப்படுகிறது. ஆனால் முழு வளையம் இல்லை, பின்பக்கம் திறந்திருக்கிறது. ஏன்? பின்னால் உணவுக்குழாய் இருக்கிறது. ஒரு வாய் சோறு இறங்கும்போது அது கொஞ்சம் விரிய வேண்டாமா? அதற்குத்தானாம்! யாரு யோசிச்சிருப்பா இதையெல்லாம்? நான் என் கழுத்தைத் தடவித் தடவிப் பார்க்க, ஷஃபீகா "விடுட்டி, நெறிச்சுக்கிடாத"ன்னு கையைத் தட்டிவிட்டாள்.

இதெல்லாம் இருக்கட்டும். மூச்சுக்குழல் ரெண்டாகப் பிரிந்து, அது கிளைத்து, கிளை மறுபடி கிளைத்து, கடைசியில் கண்ணுக்குத் தெரியாத காற்று நுண்ணறைகள். கோடிக்கணக்கில். அந்தச் சுவர் வழியாகத்தான் ஆக்சிஜன் ரத்தத்துக்குள் போகிறது, கரியமில வாயு வெளியே வருகிறது. அத்தனையையும் பிரித்து விரித்துப் போட்டால் ஏறக்குறைய எழுபது சதுர மீட்டர் வருமாம். வகுப்பிலேயே கணக்குப் போட்டுப் பார்த்தேன். எங்க பொம்பளைப் பிள்ளைகள் கபடி கோர்ட்டு பன்னிரண்டுக்கு எட்டு. ஏ ஆத்தா! முக்கால் கோர்ட்டு எனக்குள்ளே சுருட்டி மடக்கி வச்சிருக்கு!

சாயங்காலம் கோர்ட்டில் நின்று ஆன்லினுக்குக் காட்டினேன். "இந்தா, இங்கனருந்து அங்கன வரைக்கும் என் நுரையீரல்." ஆன்லின் எங்க கேப்டன், உவரிக்காரி. மேலும் கீழும் பார்த்தாள். "கோட்டி பிடிச்சிருக்கா உனக்கு?"

பிடிச்சிருக்கு. நல்லாப் பிடிச்சிருக்கு.

பிப்ரவரி 7, சனி

அழுதுகொண்டே எழுதுகிறேன்.

எங்க டீமில் ரைடு போகிறவர்கள் நடுக்கோட்டில் நின்று புஸ் புஸ்ஸென்று வேகமாக மூச்சை இழுத்து இழுத்து விடுவார்கள். அதற்குப் பெயர் பம்பு அடிக்கது. அடித்தால் மூச்சு நிறைய நிற்கும் என்பது சீனியர் அக்காமார் சொல்லிக் கொடுத்தது. எனக்குத்தான் காற்று குறைச்சல் ஆச்சே. ரெண்டு பங்கு அடித்தேன்.

போனேன் பாரு! மூச்சு முட்டவே இல்லை. இப்படியே களக்காடு வரைக்கும் ஓடலாம் போல இருந்தது. ஒருத்தியைத் தொட்டேன், அடுத்தவளுக்குக் கை நீட்டினேன். தரை அப்படியே சாய்ந்தது. பிறகு தெரிந்தது ஆன்லின் முகமும் தண்ணீரும்தான்.

"காலைல சாப்பிட்டியா?" சார் கேட்டது அது ஒண்ணுதான். சாப்பிட்டேன் சார், நாலு இட்லி சாப்பிட்டேன்! யாரு கேக்கா? "ஒரு வாரத்துக்கு உனக்கு ரைடே கெடையாது"ன்னுட்டு அந்தாக்ல போயிட்டாரு. எனக்கு இனிமே யாரு தருவா ரைடு? மயங்கி விழுதவளை யாரு அனுப்புவா?

பிப்ரவரி 9, திங்கள்

கிடைச்சுட்டு! கிடைச்சுட்டு! கிடைச்சுட்டு!

லைப்ரரியில் உட்கார்ந்து மூச்சைப் பற்றிய பாடத்தை வரி வரியாகப் படித்தேன். மூச்சு முட்டுகிறது என்றால் காற்று தீர்ந்துவிட்டது என்றுதானே இத்தனை நாள் நினைத்தேன்? இல்லவே இல்லை! ரத்தத்தில் கரியமில வாயு கூடிவிட்டது என்று அர்த்தம். அதைப் பார்த்துத்தான் மூளைக்கு அடியில் இருக்கிற முகுளம் "மூச்சு விடு, மூச்சு விடு"ன்னு கத்துகிறது. ஆக்சிஜன் அப்போதும் கையிருப்பு இருக்கும்.

அப்போ பம்பு அடிச்சா என்ன ஆகும்? ஆக்சிஜன் பெரிசாக ஒன்றும் கூடாது, ரத்தத்தில் ஏற்கெனவே கிட்டத்தட்ட நிறைந்துதான் இருக்கிறது. கரியமில வாயுதான் வெளியே போகும். முகுளம் கத்தாது. அதோடு மூளைக்குப் போகிற ரத்தக்குழாயும் சுருங்கிவிடும். தலை சுற்றும். வீட்டுக் காவக்காரனை நானே அடிச்சுத் துரத்திட்டு, கூப்பாடு கேக்கலையே, ஆகா, நிம்மதின்னு தூங்கியிருக்கேன். மூதி! மூதி! சாகப் பார்த்தேனே!

இன்னொன்று. நெஞ்சு முட்டி நான் திரும்பி ஓடி வருகிறேனே, அந்த நேரம் உள்ளே இன்னும் காற்று இருக்கிறது. ஊதி ஊதி ஒன்றும் இல்லை என்றான பிறகும் ஒரு லிட்டருக்கு மேல் நுரையீரலிலேயே தங்குமாம், அது வெளியே வரவே வராதாம். எனக்குக் காற்று பத்தாம இல்லை. முகுளம் போட்ட முதல் சத்தத்துக்கே பயந்து ஓடி வந்திருக்கேன்!

கேன்டீனில் ஷஃபீகாவிடம் இதைச் சொல்லும்போது எழுந்து நின்றுவிட்டேன் போல. டீ அவள் ரெக்கார்டு நோட்டில் கொட்டிற்று. திட்டு வாங்கினேன். சந்தோஷமாக வாங்கினேன்.

பிப்ரவரி 11, புதன்

மெழுகுவர்த்தி பரிசோதனை. ஷஃபீகாவின் யோசனை, அவள் வீட்டு மாடியில்.

சுடருக்கு முன்னால் நான் கபடி கபடி என்று பாடினேன். சுடர் படுத்தேவிட்டது. இரண்டாம் தடவை அணைந்தே போச்சு. "இதென்னட்டி, பாடுதியா, இருமுதியா?" என்றாள். அவள் பாடினாள். சுடர் லேசாகத் தலையாட்டியது, அவ்வளவுதான். எத்தனை காற்றை இத்தனை நாளும் வீணாகத் துப்பியிருக்கிறேன்!

மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். க சொல்ல அடிநாக்கு மேலே போய் அடைக்கிறது. ப-வுக்கு உதடு. டி-க்கு நுனிநாக்கு. ஒவ்வொரு தடவையும் காற்றுக்குக் கதவு சாத்துகிறோம். நான் சாத்தின கதவை உதைத்துத் திறந்திருக்கிறேன். பையத் திறந்தால் போதும், குரல்வளை சத்தம் போட்டுக்கொள்ளும். ஆனா நடுவருக்குக் கேக்கணுமே? ஷஃபீகா தெருமுனைக்குப் போய் நின்று கையைத் தூக்கினாள். கேக்குது!

அவள் உம்மா நஃபீஸத் மாமி மேலே வந்து, பகல்ல மெழுகுவர்த்தி கொளுத்திக் கபடி பாடுத ரெண்டு பேரையும் பார்த்துட்டு, வந்த வழியே கீழே போயிட்டாங்க. பிறகு இறைச்சிச் சோறு வந்தது.

பிப்ரவரி 14

மல்லாக்கப் படுத்து, வயிற்றில் புத்தகத்தை வைத்து மூச்சை இழுக்கிறேன். புத்தகம் ஏற வேண்டும், தோள் ஏறக் கூடாது. உதரவிதானம் கீழே இறங்கினால்தான் நுரையீரலின் அடிப்பாகம் வரைக்கும் காற்று நிறையும். நான் தோளைத் தூக்கித் தூக்கி மேல்மாடியை மட்டும் நிரப்பியிருக்கிறேன்.

சாரிடம் சொல்லப் போனேன். "எம்மா, அதெல்லாம் பரீட்சைல எழுது, மார்க் வரும்"ன்னுட்டார். ஆன்லினிடம், பம்பு அடிக்காதட்டி, ஆபத்துன்னேன். "விழுந்தது நீ. நான் விழலை"ன்னு போயிட்டா. வந்த ஆத்திரத்துல கார்னர்ல நின்னு மூணு பேரைத் தூக்கிப் போட்டேன்.

பிப்ரவரி 18, புதன்

இன்று சாம்பல் புதன். ஆன்லின் கோயிலில் பூசிவிட்ட சாம்பல் நெற்றியில் இருக்க, அப்படியே பிராக்டிஸுக்கு வந்தாள். நடுக்கோட்டில் நின்றாள். பம்பு அடிக்கவில்லை. நான் பார்த்ததை அவளும் பார்த்தாள்.

பிப்ரவரி 21, சனி

கையெல்லாம் மண்ணு. எழுத்து கோணுது. பரவாயில்லை, எழுதிட்டுத்தான் குளிக்கப் போவேன்.

அரையிறுதி. எதிரே நாகர்கோவில் பிள்ளைகள், ஒவ்வொருத்தியும் ஒரு தூண். கடைசி நிமிஷம், நாங்க நாலு பாயின்ட் பின்னால. ஆன்லினைப் பிடிச்சுட்டாங்க, அவ அவுட்டாகி வெளிய உக்காந்துட்டா. உள்ள மிஞ்சினது கார்னர்ல நின்ன நானும் இன்னும் ரெண்டு பேரும். ரைடுக்கு யாரை அனுப்பன்னு சார் முழிக்காரு. வெளியருந்து ஆன்லின் கத்துதா, "சார், ரீபா போகட்டும்! அவளுக்கு மூச்சு நிக்கும்!"

போனேன். வயிறு நிறைய ஒரே ஒரு மூச்சு. கதவைப் பையத் திறந்து கபடி, கபடி, கபடி. நெஞ்சு முட்ட ஆரம்பிச்சுது. முகுளமே, கத்து, நீ கத்து, உள்ள காத்து இருக்கு. முதல் தடவையா, முட்டின பிறகும் திரும்பாம இன்னும் ரெண்டு எட்டு உள்ள போனேன்! அங்கதான் ஒருத்தி கணுக்காலைப் பிடிச்சா. ஒருத்தி இடுப்பை. நான் நடுக்கோட்டைப் பாத்துக் குப்புற விழுந்தேன். மூணாவது ஒருத்தி வந்து முதுகு மேலயே விழுந்தா.

ஒரு சொட்டு மூச்சு இழுக்க முடியலை. விலா எலும்பு அசையலை. செத்தேன்னு நினைச்சேன். அப்பத்தான் பொறி தட்டுச்சு: நான் எதுக்கு இழுக்கணும்? இழுத்தா பாட்டு நின்னுரும், நான் அவுட்டு! எனக்குக் காத்து வெளிய போனாப் போதும். மேல கிடக்கவ என் விலாவை அமுக்குதா. அமுக்கினா நுரையீரல்ல இருக்க காத்து எங்க போகும்? வெளியதானே வரும்! அவ அமுக்க அமுக்க என் வாயிலருந்து கபடி கபடின்னு வருது. எனக்கு அவளே பாடிக் குடுக்கா! சிரிப்பு வந்துட்டு. சிரிச்சா போச்சு. பல்லைக் கடிச்சு, இல்ல, பல்லைக் கடிக்கவும் முடியாது, பாடணும். பாடிக்கிட்டே ஊர்ந்தேன். நடுவர் காதைக் கிட்ட வச்சுக் கேக்காரு. விரல் நுனி கோட்டைத் தொட்டுச்சு.

மூணு பேரும் அவுட்டு. மூணு பாயின்ட்!

அதோட விசில். ஒரு பாயின்ட்ல தோத்துட்டோம்.

எல்லாரும் அழுதாங்க. நான் மண்ணுல மல்லாந்து கிடந்து இழுத்து இழுத்து மூச்சு விட்டேன், முக்கால் கோர்ட்டும் நிறைய. "தோத்ததுக்கு இப்படிச் சிரிக்கியே, சவமே"ன்னு ஆன்லின் தலைல ஒரு போடு போட்டுட்டுப் பக்கத்துலயே படுத்துட்டா.

பிப்ரவரி 23, திங்கள்

பிராக்டிஸ். டைட்டஸ் சார் எல்லோரையும் வட்டமாக உட்கார வைத்தார். "இனிமே எவளும் கோட்டுல நின்னு பம்பு அடிக்கக் கூடாது. ஏன்னு ரீபா சொல்லுவா."

எழுந்து சொன்னேன். முகுளத்தில் ஆரம்பித்தேன். நுண்ணறைக்கு வருவதற்குள் சார் கையைக் காட்டி நிறுத்தினார். "சரிம்மா, மிச்சத்தை நாளைக்குச் சொல்லு. இப்ப முதல் ரைடு போ."

போனேன்.