அப்பா சொன்ன சப்பென்ற சாட்சி

கொட்டாஞ்சேனை,
செவ்வாய்க்கிழமை.

அன்பு மகள் சாமினிக்கு,

கர்த்தருடைய கிருபையால் எனக்கு முழங்கால் வலியும் அப்பாவுக்குப் பிடிவாதமும் தவிர வேறு வருத்தம் ஒன்றும் இல்லை, நீயும் மருமகனும் மெல்பேர்னில் சுகமாக இருக்க ஜெபிக்கிறோம். போனில் சொன்னால் நீ அழுவாய், நான் சொல்ல வந்ததை மறந்துவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன். அங்கே புதுச் சபையில் எல்லாரும் தாங்கள் இரட்சிக்கப்பட்ட நாளைச் சொன்னார்களாம், உனக்குச் சொல்ல அப்படி ஒரு நாள் இல்லையாம், நான் உண்மையான கிறிஸ்தவள்தானா என்று நீ யோசித்து இப்போது ஆலயத்துக்கே போவதில்லையாம். கேட்டதிலிருந்து எனக்கு மனம் சரியில்லை.

இனி அப்பாவின் கதையைக் கேள். போன மாதம் இங்கேயும் ஒரு சாட்சிக் கூட்டம் வைத்தார்கள், சபைச் செயலாளர் யோகராஜ் அப்பாவின் பெயரையும் சேர்த்துவிட்டார். ஆண்டவரை அறிய முந்தி எப்பிடி இருந்தனீங்கள் எண்டு தொடங்குங்கோ என்றாராம். அதுக்கு முந்திப் பால் குடிச்சுக்கொண்டிருந்தனான், ஞானஸ்நானம் தரேக்க நான் கைக்குழந்தை என்று அப்பா சொன்னாராம். ஒரு சிகரெட்டாவது பத்தேல்லையா அண்ணை என்று யோகராஜ் கெஞ்ச, அப்பா வீட்டுக்கு வந்து யோசியோ யோசியென்று யோசித்தார். சின்ன வயதில் ஒருமுறை ஞாயிறு வகுப்புக்கு ஒளித்துக் காலிமுகத்திடலுக்குப் போனாராம், அங்கே பார்த்தால் வகுப்பு ஆசிரியரும் காற்று வாங்கிக்கொண்டு நின்றாராம். வேறு பாவம் ஏதும் உனக்குத் தெரியுமா என்று என்னைக் கேட்டார். நான் தொடங்கினால் கூட்டம் ஒரு கிழமைக்கு நடக்கும் என்றேன். அன்றைக்கு அப்பா கோபத்தில் தேத்தண்ணி குடிக்கவில்லை.

கூட்டத்தில் முதலில் மருதானையில் கராஜ் வைத்திருக்கிற தங்கையா பேசினார். குடித்துக் குடித்து வீட்டில் ஒரு கதிரை மிச்சமில்லாமல் உடைத்தவர், போன வருஷம் மழையில் ரோட்டில் விழுந்து கிடந்து ஆண்டவரைக் கூப்பிட்டவர். எல்லாரும் அழுதார்கள், நான் கண் துடைத்த லேஞ்சி நனைந்தே போனது. அதற்குப் பிறகு அப்பாவை எழுப்பிவிட்டார்கள் பார், பாவம் மனிதர். அப்பா சொன்னது இவ்வளவுதான். சின்னனில அம்மா கூட்டிக்கொண்டு வந்தவ, பிறகு பாடகர் குழுவுக்காக வந்தனான், பிறகு என்ர மனிசி இவ இடது பக்க வாங்கில இருந்தா, அதுக்காக வந்தனான், என்ர மூத்தவன் செத்த கிழமை ஆண்டவரோட கோவத்தில பாட்டுப் புத்தகத்தைத் திறக்கேல்லை, ஆனா வந்தனான். சொல்லிவிட்டுத் தன்னுடைய இடத்தில் போய் இருந்துவிட்டார். ஒருவரும் அழவில்லை. உன் அண்ணனின் நினைவில் நான் மட்டும் அழுதேன். யோகராஜ் அவசரமாக எழும்பி அறிவித்தல் வாசித்தார்.

வெளியே வரும்போது தங்கையா அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார். அண்ணை, என்ர கதை அந்த மழையோட முடிஞ்சு போச்சு, பிறகு என்ன செய்யிறதெண்டு ஒருத்தரும் சொல்லித் தரேல்லை, குடியை விட்டதில இருந்து நித்திரையும் இல்லை, மனம் திரும்பக் குடிக்கச் சொல்லுது, நீங்கள் எப்பிடி இவ்வளவு காலம் விடாமல் வந்தனீங்கள் என்று கேட்டார். அப்பாவுக்கு அறிவுரை சொல்ல எவ்வளவு ஆசை என்று உனக்குத் தெரியும், ஆனால் அன்றைக்கு, வாற ஞாயிறு வாரும், எனக்குப் பக்கத்தில இடம் இருக்கு என்றதோடு நிறுத்திவிட்டார். அது நீ இங்கே இருக்கும்போது இருந்த உன்னுடைய இடம்தான்.

தங்கையா தவறாமல் வருகிறார். போன ஞாயிறு பிரசங்கத்தின் நடுவில் அப்பா வழக்கம்போல நித்திரை. இடிக்கலாம் என்று திரும்பினால் பக்கத்தில் தங்கையாவும் வாயைத் திறந்துகொண்டு குழந்தைபோல நித்திரை. இடிக்க எனக்குக் கை வரவில்லை மகள்.

நீயும் இந்த ஞாயிறு போ. நாள் கேட்டால் தெரியாது என்று சொல்லிவிட்டுப் போய் இரு. கர்த்தர் உங்கள் இருவரையும் தம்முடைய செட்டைகளின் கீழ் வைத்துக் காப்பாராக. அனுப்பின மிளகாய்த்தூளைப் பிரிட்ஜில் வை. நத்தார்ப் பண்டிகைக்கு வரும்போது தங்கையாவை எழுப்பாதே, நாங்கள் நெருக்கி இருந்து உனக்கு இடம் தருகிறோம்.

முழங்கால் வலியோடும் முத்தங்களோடும்,
அம்மா