மேசை விசிறி ஓடிய மூன்று ஆண்டுகளின் ஒலிப்பதிவுகளைத் தரக் கோரும் மனு

அனுப்புநர்
கணித ஆசிரியை (ஓய்வு),
வீட்டுப்பாட உதவித் தொலைபேசி நிலையம்,
கதவு எண் 14, காகிதக் கடை மாடி.

பெறுநர்
இயக்குநர் அவர்கள்,
கல்வித் துறை ஆவணப் பிரிவு.

பொருள்: கிளவுட் சேமிப்பகத்திலிருந்து எங்கள் அழைப்புப் பதிவுகளை மொத்தமாக எடுத்துத் தந்ததில் 6,418 விடுபட்டது – இம்மாதம் 31ஆம் தேதி அழிக்கப்படும் முன் அவற்றைப் பட்டியலுடன் வழங்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. வீட்டுப்பாடத்தில் திணறும் பிள்ளைகள் மாலை ஐந்து முதல் எட்டு வரை அழைத்தால் விளக்கம் தரும் நிலையம் எங்களுடையது. ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் ஆறு பேர், இரண்டு அறைகள், நான்கு தொலைபேசிகள். ஒன்பது ஆண்டுகளில் 26,418 அழைப்புகள். ஒன்றில்கூட நாங்கள் விடையைச் சொன்னதில்லை. வழியை மட்டுமே சொன்னோம். இதைப் பெருமையோடுதான் எழுதுகிறேன். பெற்றோர் சம்மதத்துடன் எல்லா அழைப்புகளும் பதிவாயின. பிள்ளையின் பெயரைக் கேட்பதில்லை, வகுப்பை மட்டும் கேட்போம். புதிதாகச் சேரும் ஆசிரியர்கள் அந்தப் பதிவுகளைக் கேட்டே இந்த வேலையைக் கற்கிறார்கள்.

2. நான்காம் ஆண்டுத் தொடக்கத்தில் எனக்குத் தொண்டையில் அறுவை சிகிச்சை நடந்தது. அதன்பின் குரல் இல்லை. அதற்கு முன் நான் பேசிய 2,304 அழைப்புகள் தங்கள் சேமிப்பகத்தில் உள்ளன. என் குரல் இன்று இருக்கும் இடம் அது ஒன்றுதான்.

3. சேமிப்பக ஒப்பந்தம் முடிவதால் பதிவுகள் அழிக்கப்படும், வேண்டியவற்றை எடுத்துக்கொள்ளலாம் என்று கடந்த மாதம் 2ஆம் தேதி தங்கள் கடிதம் வந்தது. எங்களுக்குத் தரப்பட்ட அனுமதியில் ஒவ்வொரு பதிவாகத்தான் இறக்க முடியும். மூவர் உட்கார்ந்து நாளொன்றுக்கு 210 இறக்கினோம். அந்த வேகத்தில் 126 நாட்கள் வேண்டும். கையில் இருந்தவையோ 57. எனவே மொத்தமாக எடுத்துத் தருமாறு கேட்டோம். தங்கள் அலுவலகமும் தாமதிக்காமல் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் போட்டு அனுப்பியது. அதற்கு மனமார்ந்த நன்றி.

4. திறந்து எண்ணிப் பார்த்தோம். சரியாக 20,000 இருந்தன. "ஏன் டீச்சர், புள்ளைங்க எல்லாரும் பேசி வெச்சுக்கிட்டா போன் போட்டாங்க?" என்று அறிவியல் டீச்சர் கேட்டார். நாற்பது ஆண்டு கணக்கு நடத்தியவளுக்கு இவ்வளவு வழுவழுப்பான எண்ணைக் கண்டால் சந்தேகம் வரும். எடுக்கும்போது ஒரு தடவைக்கு இவ்வளவுதான் என்ற வரம்பு இருந்திருக்க வேண்டும். அதைத் தொட்டதும் வேலை முடிந்ததாகக் கணினி காட்டியிருக்க வேண்டும்.

5. எவை விடுபட்டன என்று கண்டுபிடிப்பதும் எளிதாக இல்லை. தேதி, பாடம், ஆசிரியர் அடங்கிய பட்டியல் டிஸ்க்கில் வரவில்லை. டிஸ்க் வந்ததோடு ஒவ்வொன்றாக இறக்கும் எங்கள் அனுமதியும் முடிந்துவிட்டதால், சேமிப்பகத்தில் பார்க்கவும் வழியில்லை. கோப்புகளின் பெயர்கள் வெறும் நீள எண்கள். விடைத்தாள்களின் முகப்பைக் கிழித்துவிட்டுக் கட்டாகக் கொடுத்தால் எப்படியோ, அப்படி. கேட்டுப் பார்க்கலாம் என்றால் அங்கே எங்கள் தவறு ஒன்று குறுக்கே நின்றது. யார் எடுத்தாலும் "வணக்கம், கையில பென்சில் இருக்கா?" என்றே தொடங்க வேண்டும் என்று விதி வைத்தவள் நான். இருபதாயிரமும் ஒரே மாதிரி தொடங்குகின்றன.

6. கடைசியில் கைகொடுத்தது ஒரு மேசை விசிறி. முதல் மூன்று ஆண்டுகள் எங்கள் இரண்டு அறைகளுக்கும் நடுவே அது கடகடவென்று ஓடியது, பிறகு மாற்றிவிட்டோம். டிஸ்க்கின் தொடக்கம், நடு, கடைசி என்று 400 பதிவுகளை ஆறு பேரும் நான்கு நாட்கள் கேட்டோம். ஒன்றில்கூட அந்தச் சத்தம் இல்லை. ஆகவே புதியவை முதலில் எடுக்கப்பட்டு, பழைய மூன்று ஆண்டுகளின் பதிவுகள் சேமிப்பகத்திலேயே நின்றுவிட்டன. நான் பேசியவை அனைத்தும் அவற்றில்தான்.

7. ஓர் எடுத்துக்காட்டு சொல்ல அனுமதியுங்கள். நாலில் ஒன்றுதான் மூன்றில் ஒன்றைவிடப் பெரியது என்று சாதித்தது ஓர் ஐந்தாம் வகுப்புக் குழந்தை. "ஒரு ரொட்டியை மூணு பேரு பிச்சுக்கிட்டா உனக்கு நிறைய வருமா, நாலு பேருன்னா வருமா?" என்றேன். நெடுநேரம் விசிறிச் சத்தம் மட்டும். பிறகு, "நானும் அம்மாவும் மட்டும்னா இன்னும் நிறைய வரும் டீச்சர்." அரை என்பதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை, அந்தக் குழந்தையே போய்ச் சேர்ந்தது. அந்த மௌனத்தில் ஆசிரியர் வாய் திறக்கக் கூடாது என்பதே புதியவர்களுக்கு எங்கள் முதல் பாடம். அதை எழுதிக் காட்ட முடியாது, கேட்கத்தான் வேண்டும்.

8. ஆகவே தாங்கள் அன்புகூர்ந்து, விடுபட்ட 6,418 பதிவுகளையும் ஆண்டுவாரியாகப் பிரித்து எடுக்கவும், பட்டியலை உடன் சேர்க்கவும், நாங்கள் எண்ணிச் சரிபார்த்துக் கையொப்பமிடும்வரை எதையும் அழிக்காதிருக்கவும் ஆணையிடக் கேட்டுக்கொள்கிறேன். நான் கேட்பது இரக்கம் அன்று. நன்றாக நடந்த வகுப்பு ஒன்று பாதியில் அழிக்கப்படக் கூடாது என்பதே.

9. விவரம் தேவைப்பட்டால் தொலைபேசியில் பேசுமாறு தங்கள் கடிதத்தில் உள்ளது. என்னால் இயலாது. தாங்கள் மாலை ஐந்துக்கு மேல் அழைத்தால் அறிவியல் டீச்சர் எடுப்பார். நான் பக்கத்திலிருந்து எழுதிக் காட்டுவேன். அழைக்கும்போது கையில் பென்சில் இருக்கட்டும்.

இடம்: காகிதக் கடை மாடி
நாள்: மார்ச் 9

தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)
பிள்ளைகளுக்குக் கணக்கு டீச்சர்