பன்னிரண்டு டப்பாக்களும் ஒரு நல்ல நேரமும்

இன்று காலை சுங்கைப் பட்டாணி வீட்டின் பின்னால் கொட்டகையைச் சுத்தம் செய்துகொண்டிருந்தாள் என் மனைவி. அடுக்கி வைத்திருந்த ஐஸ்கிரீம் டப்பாக்களைக் காட்டி, "இத வீசிரலாமா? உள்ள வெறும் சிமெண்டுதான்லா இருக்கு" என்றாள். ஒன்றைத் திறந்தேன். அடியில் நீ பூசிய வெள்ளைப் பூச்சு, மூடியில் உன் கோணல் எழுத்தில் எண். அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். நெஞ்சுவலி உன்னைக் கொண்டுபோய் ஒரு வருடம் ஆகிறது, மச்சான். உன் கையெழுத்து மட்டும் கடைசிவரை திருந்தவேயில்லை.

நீ நீச்சல் குளங்களுக்குப் பூச்சு பூசுகிறவன், நான் அவற்றின் தண்ணீரைப் பார்த்துக்கொள்கிறவன். குளத்தில் கறை விழுந்தால் பூச்சுக்காரன் தண்ணீரைக் குறை சொல்வான், தண்ணீர்க்காரன் பூச்சைக் குறை சொல்வான். மாமியார் மருமகள் வழக்கு போல அது தீராது. ரப்பர் தோட்டத்துப் பள்ளியிலிருந்தே கூட்டாளிகள் என்பதால் நாம் மட்டும் சண்டை போடாமல் இருந்தோம், தஞ்சோங் டாவாய் போகும் சாலையில் அந்தச் சின்ன ஓட்டலின் குளம் வரும்வரை.

ஞாயிற்றுக்கிழமை, ராகு காலத்துக்கு முன் தண்ணீர் விட வேண்டும் என்று முதலாளி பூசாரியை வரவழைத்துவிட்டார். காலையெல்லாம் மழை. மழை விட்டதும் நீ பரபரவென்று பூசி முடித்தாய். தேங்காய் உடைத்து, நல்ல நேரத்தில் குழாயைத் திறந்தோம்.

இரண்டு மாதத்தில் வெள்ளைப் பூச்சு முழுக்கச் சாம்பல் நிறத் திட்டுகள். முதலாளி நம் இருவரையும் கூப்பிட்டு நிறுத்தினார்.

"தண்ணியா, பூச்சா? யாரு தப்புன்னு தெரிஞ்சாகணும். தப்பு செஞ்சவனுக்கு இந்த ஊர்ல இனிமே வேல கிடைக்காது."

எனக்கு அப்போது கைவசம் இருந்த பெரிய வேலை அந்த ஓட்டல் ஒன்றுதான். பயத்தில் வாய் முந்திக்கொண்டது. "பூச்சுதான் முதலாளி. தண்ணி நல்லா இருக்கு. இங்க வந்ததும் சோதிச்சுப் பாத்துட்டேன்" என்றேன். நான் சோதிக்கவில்லை. நீ என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்தாய். பிறகு அவரிடம், "மூணு மாசம் குடுங்க. பாத்துட்டுச் சொல்றேன்" என்றாய்.

அப்படி வந்தவைதான் இந்தப் பன்னிரண்டு டப்பாக்கள். ஆறில் வழக்கமான கலவை. மீதி ஆறில், சிமெண்டை விரைவில் இறுக வைக்கும் கால்சியம் உப்பைக் கூடுதலாகப் போட்டாய். பிறகு சிலவற்றில் ஓட்டல் குளத்துத் தண்ணீர், சிலவற்றில் மழைத்தண்ணீர், சிலவற்றில் அமிலம் விட்டுப் புளிப்பாக்கிய குழாய்த்தண்ணீர். எல்லாவற்றையும் கொண்டுவந்து என் கொட்டகையில் வைத்தாய். உன் வீட்டில் வைத்துக்கொள்ளேன் என்றதற்கு நீ சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

"நீதான்டா தண்ணிய சோதிக்கணும். நான் சோதிச்சா எனக்குத் தோதா பாத்துருவேன்."

உன் வாழ்க்கையே தொங்கிக்கொண்டிருந்தபோது இப்படிச் சொன்னவன் நீ. மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகும் வழியில் தினமும் வந்து, விரலால் பூச்சைத் தடவிப் பார்ப்பாய். வேலைக்கார முரட்டு விரல், ஆனால் பூனையைத் தடவுவது போலத்தான் தடவுவாய். எனக்குச் சிரிப்பு வரும்.

மூன்றாம் மாதம் என்னை உட்கார வைத்துச் சொன்னாய். "புளிச்ச தண்ணி எல்லா பூச்சையும் ஒரே மாதிரி சொரசொரன்னு அரிச்சிருக்கு. ஆனா திட்டு விழல. உப்பு கூடப் போட்ட டப்பாவுலதான் திட்டு, எந்தத் தண்ணி ஊத்துனாலும். அன்னிக்கு ராகு காலத்துக்குப் பயந்து நான் ரெண்டு கை கூட அள்ளிப் போட்டேன்டா. நாமதான் நல்ல நேரம் பாத்தோம், சிமெண்டு பாக்கல."

"யாருக்குத் தெரியும்? பாதி தண்ணி பாதி பூச்சுன்னு சொல்லிருவோம்" என்றேன். நீ ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாய்.

முதலாளியிடம் ஒளிக்காமல் சொன்னாய். பூச்சைக் கொத்தி எடுத்து, புதிதாகப் பூசியும் கொடுத்தாய். அவர் என் பக்கம் கை காட்டி, "இவன் அன்னிக்கே சொன்னானே" என்றார். "ஆமா முதலாளி. அவனுக்குக் கண்ணு கூர்மை" என்றாய் நீ. நான் கூச்சமில்லாமல் சிரித்தேன். உன் நேர்மையைப் பார்த்து அவர் உன் பிழைப்பிலும் கை வைக்கவில்லை. உன் வாக்கைக் கேட்டு, அலோர் ஸ்டார் வரை எனக்கும் வேலை பிடித்துக் கொடுத்தார். இன்று நான் சாப்பிடும் சோறு அது.

சோதிக்காமல் சொன்னேன் என்பது உனக்குத் தெரியாது என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். இப்போது எழுதும்போதுதான் உறைக்கிறது. முதலாளி நம்மைக் கூப்பிட்ட அன்று, தண்ணீரைச் சோதிக்கும் என் பெட்டி வீட்டிலேயே கிடந்தது. ஓட்டலுக்கு நாம் இரண்டு பேரும் என் வேனில்தான் போனோம். பெட்டியை மறந்துவிட்டேன் என்று பாதி வழியில் நான் புலம்பியபோது, "பரவால்லடா, போய்ப் பாப்போம்" என்று சொன்னவனே நீதான்.

தெரிந்தேதான் என்னைப் புகழ்ந்திருக்கிறாய். அந்தப் புகழை இறக்கி வைக்க இடம் தெரியாமல் சுமந்துகொண்டிருக்கிறேன், மச்சான்.